பெஞ்சுக்குப் பின்னால்

ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும் என்று அப்புத்துரைக்கு ஞானம் பிறந்தது, ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்துக்கு அரிசி தருகிறான் என்று தெரிந்த பிறகுதான். அதற்கு முன்னால், வெள்ளைக்காரன் ஆபீசில் குமாஸ்தாக்களுக்கு மேலே பெரிய கிராணியாக இருந்த காலம் முழுக்க, சுங்கை பினாங் கூலி வீட்டுப் பிள்ளைகள் எதிரே வந்தால் குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போன மனிதர் அவர். வெள்ளைக்காரன் பினாங்கை விட்டு ஓடும்போது தன் நாயைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டான், கிராணியாரை ஏற்றிக்கொள்ளவில்லை. அந்த அவமானத்தை அவர் மென்று விழுங்கிவிட்டு, அதே கோட்டோடும் அதே சப்பாத்தோடும் ஜப்பான்காரனின் தொழிலாளர் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்தபடியே ஒரு கல்விச் சங்கத்தையும் தொடங்கினார். தலைவர் அவர்தான். மற்றவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள், அப்புறம் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள். எல்லாம் யாழ்ப்பாணத்துக் கிராணி வீடுகள். இங்கிலீஷ் பள்ளிகளை மூடிவிட்டதால் அந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளி திறக்க ஜப்பான்காரனின் நிப்போன் கல்வி ஆபீஸ் அனுமதி தந்தது, ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. இந்தியப் பிள்ளை யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேருகிற தலை ஒவ்வொன்றுக்கும் அரிசி உண்டு. கிராணி வீட்டுத் தலைகளை எப்படிக் கூட்டிப் பார்த்தும் மூட்டை சின்னதாகத்தான் வந்தது. அதனால் அப்புத்துரை ஒரு நாள் குடையை நேராகப் பிடித்துக்கொண்டு சுங்கை பினாங் கம்பத்துக்குள், அந்தக் கூலிக் குடியிருப்புக்குள், நடந்து வந்தார்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். கல்வி எல்லாருக்கும் பொது என்றார். ஆசியா ஒரே குடும்பம், நிப்போன் நமக்கு மூத்த அண்ணன், அண்ணன் தரும் உதவியைத் தட்டக்கூடாது என்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்ற காத்தாயிக்கு அந்தக் குரல் முன்பே கேட்ட குரலாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பல மாதங்களுக்கு முன்னால் இதே குழாயடியில், இதே பெட்டி மேல் நின்று, இதே குரல் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டியது. வேலை பக்கத்துக் கெடாவில்தான், மூன்று மாதம்தான், சோறு உண்டு, சம்பளம் உண்டு என்று படித்தது. காத்தாயியின் புருஷன் சுப்பையா அந்தக் காகிதத்தில் பெருவிரலை வைத்தான். ரயில் அவனை சயாம் காட்டுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனது. மூன்று மாதம் எப்போதோ முடிந்துபோயிற்று, அவனும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

வேறு எவளாக இருந்தாலும் குடத்துத் தண்ணீரை அந்தப் பெட்டி மேல் கவிழ்த்திருப்பாள். காத்தாயி அப்படிச் செய்யவில்லை. நேராக முன்னால் போய், "கிராணி ஐயா, எம்மகள சேத்துக்குங்க" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். "ஒனக்கு சூடு சொரண இல்லையா? இந்த ஆளு வாய நம்பித்தானே ஒன் புருசன் போனாரு?"

"வாய நம்பி எவ போறா? இந்தாளு காயிதத்துல கண்ண வச்சு என்னத்தையோ பாத்தான், வாயால வேற என்னத்தையோ சொன்னான். அவன் கண்ணு என்னா பாத்துச்சோ அத எம்புள்ளையும் பாக்கணும். இனிமே எவனும் எங்க வீட்டு வெரல புடிச்சு மையில அமுக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றாள் காத்தாயி. அவள் மகள் அஞ்சலைக்கு அப்போது ஒன்பது வயது.

இந்தியாவுக்குப் போய் மாட்டிக்கொண்ட ஒரு செட்டியாரின் கிட்டங்கி, மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. அதில்தான் பள்ளி. நீளமான கூடம், வழுவழுவென்று சிமெண்டுத் தரை. முன்பு செட்டியார்கள் இந்தத் தரையில் உட்கார்ந்துதான் ஊருக்கே கடன் கொடுத்தார்கள். சங்கத்தாருக்குத் தரை பிடிக்கவில்லை. மூடிய இங்கிலீஷ் பள்ளியிலிருந்து பெஞ்சுகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். உயரமான முதுகு வைத்த கனத்த பெஞ்சுகள். முன்னால் போர்டு, அதற்கு மேலே ஜப்பான் சக்கரவர்த்தியின் படம்.

முதல் நாள், டோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்ததால் விடிந்தும் விடியாத இருட்டில், பிள்ளைகள் எல்லாரும் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட்டார்கள். கும்பிட்டு முடித்ததும் கிராணி வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுங்கை பினாங் பிள்ளைகளைக் கடைசிப் பெஞ்சுக்கும் பின்னால், சுவரோரமாகத் தரையில் உட்காரச் சொன்னார்கள். தண்ணீர்ப் பானையும் வேறு, குவளையும் வேறு. இதை யாரும் யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை. அப்புத்துரையின் ஊரில் அப்படித்தான் வழக்கம், அந்த வழக்கம் அவருடைய டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்திருந்தது. கடல் தாண்டியும் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

சோறு விஷயத்திலும் அதே நேர்மைதான். அரிசி மூட்டை ஆபீசிலிருந்து கிட்டங்கிக்கு வரும், கிட்டங்கியிலிருந்து அப்புத்துரை வீட்டுக்குப் பாதுகாப்பாகப் போகும். தரைப் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் மரவள்ளிக்கிழங்கு கரைத்த கஞ்சி கிடைக்கும். படிப்பு இலவசம் என்பதால் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மட்டும் முறை வைத்து வந்து கூடத்தைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். கிராணி வீட்டு அம்மாமாருக்கு அந்த முறை கிடையாது.

காத்தாயி அதையெல்லாம் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் எழுத்துப் படித்தால் போதும், தரை என்ன, கூரை மேலேயே உட்காரட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாரங்கள் போயும் அஞ்சலைக்கு ஓர் எழுத்தும் வரவில்லை. சக்கரவர்த்தியை வாழ்த்தும் நிப்போன் பாட்டு ஒன்றை மட்டும் அர்த்தம் தெரியாமல் முழுசாகப் பாடினாள்.

"ஏண்டி, அப்பா பேரு எழுதுடி பாப்போம்" என்று காத்தாயி கரித்துண்டைக் கொடுத்தாள்.

அஞ்சலை கரியைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். "டீச்சரு போர்டுல எழுதுறாங்கம்மா. எனக்கு பெஞ்சோட முதுகுதான் தெரியுது. நானும் எட்டி எட்டிப் பாக்கறேன்."

"முட்டி போட்டுப் பாரு."

மறுநாளிலிருந்து அஞ்சலை முட்டி போட்டாள். இரண்டு தலைகளுக்கு நடுவே போர்டின் ஒரு மூலை தெரிந்தது. முழங்கால் வலித்தால் அப்படியே குதிகால் மேல் உட்கார்ந்துகொள்வாள், டீச்சர் எழுதத் திரும்பியதும் மறுபடி எழுவாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள்.

பெருக்கும் முறை வந்த நாளில் காத்தாயி அப்புத்துரையைப் பிடித்தாள். நடு வரிசையில் ஒரு பெஞ்சு ஆள் இல்லாமல் கிடந்தது.

"ஐயா, அந்த பெஞ்சு சும்மாதானே கெடக்குது? எம்புள்ள அதுல குந்துனா என்னா?"

"அது வரப்போற பிள்ளையளுக்கு."

"எம்புள்ள வந்துட்டாளே ஐயா."

அப்புத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இஞ்ச பார். எங்கட ஊரில உங்களை வாசல்படி மிதிக்க விடமாட்டினம். இஞ்ச கூப்பிட்டு உள்ளுக்கு இருத்திப் படிப்பிக்கிறம். இதுக்கு மேல என்ன வேணும்?"

டீச்சர் செல்வநாயகி அவருடைய தம்பி மகள். நல்ல மனசுக்காரி, அழகாகப் பாடம் நடத்துவாள், ஆனால் முதுகெலும்பை எங்கேயோ வைத்துவிட்டு வந்தவள். "போர்டைக் கொஞ்சம் தூக்கி மாட்டுங்க டீச்சரம்மா" என்று காத்தாயி கேட்டதற்கு, "பெரியப்பாவிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள். அதே பதிலைத்தான் அவள் எல்லாக் கேள்விக்கும் வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கல்வி ஆபீசிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. சங்கத்தாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெஞ்சுகளை எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். வீட்டுப் பெட்டியிலிருந்து கோட்டும் டையும் வெளியே வந்தன. தரைப் பிள்ளைகளை ஒளித்துவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஒளித்துவைத்தால் அரிசிக்குத் தலை குறையும் என்று அப்புத்துரை புத்தி சொன்னார். கந்தல் தெரியாமல் இருக்க மெங்குவாங் ஓலைப் பாய்களை எங்கிருந்தோ மலிவாக வாங்கி வந்து சுவரோரம் விரித்தார்கள். அத்தனை நாள் வெறும் தரையில் கிடந்த பிள்ளைகளுக்குத் துரை வருகிற புண்ணியத்தில் பாய் கிடைத்தது. அன்றைக்குப் பெருக்கும் முறை காத்தாயிக்கு. விளக்குமாற்றோடு அவள் பின்பக்கத் தூணுக்கு மறைவில் நின்றுகொண்டாள்.

ஹயாஷி என்ற அந்த அதிகாரி குள்ளமானவர், நரைத்த தலை. தன் நாட்டில் ஏதோ கிராமத்தில் வாத்தியாராக இருந்தவராம். அவரோடு மொழிபெயர்க்க வந்தவன் ஹபீப் முகம்மது. சண்டைக்கு முன்னால் ஒரு ஜப்பான்காரனின் போட்டோக் கடையில் எடுபிடியாக இருந்தவன், அந்தக் கடையில் கற்ற பாஷை இப்போது அவனைக் காரில் ஏற்றி வைத்திருந்தது.

சங்கத்தார் மாலையோடு கூடத்துக்குள் வரிசையாக நின்றார்கள். ஹயாஷி வாசலிலேயே நின்று, குனிந்து, தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே வந்து முதலில் சக்கரவர்த்தி படத்துக்கு வணங்கினார். பிறகு வரிசையாக நின்ற பளபளப்பான சப்பாத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. பெஞ்சுகளைத் தாண்டி நேராகக் கடைசிக்கு நடந்தார். அங்கே பாயில் அஞ்சலையும் அவளைச் சேர்ந்த பிள்ளைகளும் பழக்க தோஷத்தில் முட்டி போட்டு, குதிகால் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, பெஞ்சு இடுக்கு வழியாகப் போர்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஹயாஷியின் முகம் மலர்ந்தது. அவரும் அதே மாதிரி அவர்கள் எதிரே மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்துகொண்டு ஏதோ சொன்னார். கண்கூடக் கலங்கினாற்போல் இருந்தது.

"துரைக்கு ரொம்ப சந்தோசம். இந்தப் புள்ளைங்கதான் சுத்தமான நிப்போன் மொறையில உக்காந்திருக்காங்களாம். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறாரு" என்றான் ஹபீப்.

தூணுக்குப் பின்னால் காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்புத்துரைக்கோ கிடைத்த வாய்ப்பை விட மனசில்லை. "நாங்கள்தான். சங்கத்தின்ர விசேஷப் பயிற்சி" என்று முன்னால் வந்து நின்றார்.

ஹயாஷி எழுந்தார். பெஞ்சுகளைக் காட்டி ஏதோ கேட்டார். குரல் மாறியிருந்தது.

"இவ்வளவு நல்ல மொறைய தெரிஞ்சு வச்சிக்கிட்டு, மத்த புள்ளைங்கள ஏன் இங்கிலீஷ்காரன் பெஞ்சுல கால தொங்கப் போட்டு உக்கார வச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு."

அப்புத்துரைக்கு அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை. "அவையள் பெரிய இடத்துப் பிள்ளையள். அவையளை நிலத்தில இருத்தேலாது" என்றார். எந்த ஆபீசரும் புரிந்துகொள்ளக்கூடிய நியாயம் என்றுதான் அவர் நம்பினார். வெள்ளைக்காரனுக்கு இது எப்போதும் உடனே புரிந்திருந்தது. ஹபீப் அதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னான்.

அறை விழுந்த சத்தம் கிட்டங்கிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அப்புத்துரையின் கண்ணாடி பெஞ்சுக்கடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சங்கத்தார் நின்ற இடத்திலேயே குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்கள். ஒருவர் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பெஞ்சுப் பிள்ளைகள் இறங்கித் தரையில் முட்டி போட்டார்கள். ஹயாஷி பேசினார். சக்கரவர்த்தியின் படத்துக்குக் கீழே ஆசியாவின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே உயரம், கல்வி ஒருவருக்கும் மறுக்கப்படாது, அதற்கு நிப்போன் தேசம் கடைசி வரை துணை நிற்கும் என்று பேசினார். இதைச் சொன்னவரின் தேசம்தான் இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரை சயாம் காட்டில் தண்டவாளத்துக்குக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. கிட்டே வந்த ஹபீபிடம், "தம்பி, ஒரே குடும்பம்ங்கிறாரே, எம்புருசன் எங்கன்னு கொஞ்சம் கேளேன்" என்றாள்.

ஹபீப் துரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். "அக்கா, வாய மூடு லா. நம்ம ரெண்டு பேரு தலையும் போயிடும்."

சாயங்காலமே ராணுவ லாரி வந்து பெஞ்சுகளை அள்ளிக்கொண்டு போனது. முகாம் சமையலுக்கு நல்ல விறகு என்று லாரிக்காரன் சொன்னான்.

மறுநாள் கிராணி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. கூலிக்காரன் பிள்ளையின் பக்கத்தில் முழங்கால் உரச உட்கார்ந்தால் வருகிற காய்ச்சல் அது, எந்த டாக்டராலும் தீர்க்க முடியாதது. கூடத்துக்குச் சுங்கை பினாங் பிள்ளைகள் மட்டும் வந்து பார்த்தார்கள். முன்னால் யாரும் இல்லை, எதுவும் இல்லை. பாய்களை இழுத்துக்கொண்டு போர்டுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கொஞ்ச நாள்தான் அது பள்ளிக்கூடமாக இருந்தது. செல்வநாயகியும் பெரியப்பா கண்ணில் படாத இடத்தில் நன்றாகவே பாடம் நடத்தினாள். அஞ்சலை எழுத்துகளை அள்ளி விழுங்கினாள். ஒரு நாள் காத்தாயி கிழங்கு விற்றுவிட்டு வீடு திரும்பும்போது வாசல் சிமெண்டில் கரியால் ஏதோ எழுதியிருந்தது. "அப்பா பேரும்மா" என்றாள் அஞ்சலை. காத்தாயிக்கு அது சரியா தப்பா என்று தெரியாது. சுப்பையாவின் பெயர் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் குந்தி உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவன் போன நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. அந்தக் கரி அழியாமல் இருக்க அன்றைக்கு வாசல் கழுவவில்லை.

பிறகு செல்வநாயகி வருவது நின்றுபோயிற்று. உடம்பு சரியில்லை என்று கிட்டங்கிக் காவல்காரன் சொன்னான். பிள்ளைகளைக் கிழக்கே பார்த்துக் கும்பிடவைத்து, நிப்போன் பாட்டைப் பாடவைத்து, மத்தியானம் வரை முட்டி போட்டு உட்காரவைக்கும்படி அவனுக்கு உத்தரவு. ஹயாஷி இரண்டு தடவை வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், பிள்ளைகள் வரிசையாக முட்டி போட்டிருந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்த மனிதருக்கு, டீச்சர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. இது தீவுக்கே மாதிரிப் பள்ளி என்று ஆபீசில் பெருமையாகச் சொன்னாராம். அரிசி மூட்டை கொஞ்சம் பெரிதாயிற்று.

ஒரு நாள் காலை காத்தாயி கிழங்குக் கூடையோடு பர்மா ரோட்டுப் பக்கம் போனாள். ஒரு பெரிய வீட்டுக்குள்ளிருந்து செல்வநாயகியின் குரல் கேட்டது, உடம்பு சரியில்லாத குரலாக இல்லை. கூடவே சோறு வேகும் வாசனை வந்தது. அந்த நாளில் பினாங்கில் அந்த வாசனைக்கு ஆள் நின்று திரும்பிப் பார்ப்பான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்புத்துரையின் முன்கூடம். புதிதாகச் செய்த பெஞ்சுகள், போர்டு, காய்ச்சல்காரப் பிள்ளைகள் எல்லாரும் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வநாயகி ஜன்னலைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்புத்துரைதான் வெளியே வந்தார்.

"என்ன ஐயா இது? டீச்சர இங்க வச்சிக்கிட்டு எங்க புள்ளைங்கள அங்க சும்மா முட்டி போட வச்சிருக்கீங்க?"

"ஏன் சத்தம் போடுறாய்? அங்க பள்ளிக்கூடம் நடக்குதுதானே? துரையே புகழுறார். பிறகென்ன?" என்றவர், தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உன்ர பெட்டை கெட்டிக்காரி எண்டு செல்வநாயகியும் சொல்லுறாள். அவளை மட்டும் வேணுமெண்டா இஞ்ச அனுப்பு. பின் விறாந்தையில இருந்து கேக்கட்டும். மற்றதுகளிட்டச் சொல்லிப்போடாத."

காத்தாயி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் மனசு ஆடிப்போயிற்று. தன் பிள்ளை படித்தால் போதாதா, ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போக நான் என்ன சங்கத் தலைவரா என்று வீடு வரைக்கும் தனக்குத்தானே வாதாடினாள். அனுப்பிவிடுவது என்றே முடிவு செய்து, அஞ்சலையைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அஞ்சலை யோசித்தாள். "பின் வெராந்தாவா? அங்க இருந்தா போர்டு தெரியாதேம்மா."

காத்தாயி மகளைப் பார்த்தாள். இந்த ஆள் தனக்கு இரண்டாந்தரமாகக் காகிதம் படித்துக் காட்டியிருக்கிறார், தானும் புருஷனைப் போலவே விரலை நீட்டப் போயிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அவள் கிட்டங்கிக்குப் போனாள். கும்பிட்டு முடியும் வரை பொறுத்திருந்தாள். "பாய சுருட்டுங்கடா" என்றாள். காவல்காரன், "எங்க போறீங்க?" என்று குறுக்கே வந்தான்.

"பள்ளிக்கூடத்துக்கு" என்றாள் காத்தாயி.

பாய்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிப்போன் பாட்டைப் பாடிக்கொண்டு பிள்ளைகள் ரோட்டில் நடந்தார்கள். அந்தப் பாட்டைத் தடுக்க யாருக்குத் தைரியம் உண்டு? கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சந்திக் காவலில் நின்ற ஜப்பான் சிப்பாய்கூட விறைத்து நின்று வழிவிட்டான். இத்தனை மாதம் தொண்டை கிழியக் கற்றதற்கு அது ஒன்றுதான் பலன்.

அப்புத்துரை ஆபீசுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் கையை விரித்துக்கொண்டு, "ஆர் உங்களை உள்ளுக்கு விட்டது? நில்லுங்கோ!" என்று கத்தினாள். பிள்ளைகள் அவள் கைக்கடியில் புகுந்து உள்ளே போனார்கள். போர்டுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே இருந்த இடத்தில் பாயை விரித்து, வரிசையாக முட்டி போட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்தார்கள். பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

செல்வநாயகி சாக்குக்கட்டியோடு நின்றாள். "காத்தாயி, இது... நான் பெரியப்பாவிட்ட..."

"பெரியப்பாவ கேக்க வேணாம் டீச்சரம்மா. நீங்க எங்க இருக்கீங்களோ அதான் பள்ளிக்கூடம். புள்ளைங்க வந்துருக்கு, நிப்போன் தொரை சொன்ன மாதிரியே உக்காந்துருக்கு. இனிமே ஒங்க இஷ்டம்."

அஞ்சலை டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வநாயகி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு போர்டுப் பக்கம் திரும்பினாள். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

அப்புத்துரைக்கு ஆள் போய்ச் சேதி சொன்னது. ரிக்‌ஷாவிலிருந்து குதித்து, கோட்டு பறக்க, சப்பாத்தோடு அப்படியே தன் வீட்டு வாசலில் ஏறினார். "எடியே! ஆற்ற வீடெண்டு நினைச்சாய்? எழும்பச் சொல்லு உதுகளை! இப்ப வெளியால போகவேணும்!"

காத்தாயி வாசலுக்கு உள்பக்கம் நின்றாள். நேற்று வரை ஜன்னலுக்கு வெளியே நின்றவள்.

"நல்லா சத்தம் போடுங்க ஐயா. இன்னும் கொஞ்சம் ஒரக்கப் போடுங்க. ஹபீப் தம்பிக்கு ஆள் அனுப்பிருக்கேன். மாதிரிப் பள்ளிக்கூடம் எடம் மாறிப் போச்சு, துரைகிட்ட சொல்லுன்னு."

உண்மையில் அவள் யாரையும் அனுப்பவில்லை. ஆனால் அப்புத்துரையின் கை தானாகவே கன்னத்துக்குப் போனது. உள்ளே பார்த்தார். தன் கூடம், தன் போர்டு, தன் தம்பி மகள், அவர்களுக்கு நடுவே தன் காலடியில் சுங்கை பினாங். அடுப்படியிலிருந்து சோற்று வாசனை வேறு கூடம் முழுக்கப் பரவியிருந்தது. துரை இப்போது வந்தால் எதைப் பார்ப்பார், எதை முகர்வார் என்று அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.  உள்ளே வர ஓர் அடி எடுத்து வைத்தார்.

காத்தாயி கையை நீட்டி மறித்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

"கிராணி ஐயா, சப்பாத்த கழட்டிட்டு வாங்க. பள்ளிக்கூடம் நடக்குது."

தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புத்துரை தன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து, குனிந்து, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. செல்வநாயகி அடுத்த சொல்லை எழுதிக்கொண்டிருந்தாள், அது அஞ்சலைக்கு முழுசாகத் தெரிந்தது.